புடிச்சிட்டேன், இறங்கு

சின்னராசுவுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது என்று புதூர்நாட்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். எல்லாம் தண்ணீரைப் பார்க்கும்வரைதான். செங்குத்துப் பாறையில் ஒற்றைக் கயிற்றில் தொங்கி, காதைச் சுற்றி மலைத்தேனீ மொய்க்க, அடையை அறுத்துக்கொண்டு வருகிற மனுஷன், முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறினால் குலசாமியைக் கூப்பிட ஆரம்பித்துவிடுவான். நீச்சலா? மூச்!

அவனுக்குப் போய் இப்படி ஒரு தங்கச்சி. பூங்கோதை அந்தமானில் முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு, வருகிற ஆட்களைக் கடலுக்கடியில் கூட்டிப்போய்ப் பவளப்பாறை காட்டுகிறவள். இப்போது அதற்கும் மேலே ஒரு வேலை வந்திருந்தது. அங்கே முழுகிக் கிடக்கும் ஒரு பழைய கப்பலுக்குள் ஆட்களை நடத்திப் போகவேண்டும். அந்த வேலைக்காக வருஷக்கணக்கில் ஏங்கிக் கிடந்தவள் அவள். ஆனால் அண்ணன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்கும்போது கிளம்பிப் போக அவளுக்கு மனசு வராது. அவனோ முடியவே முடியாது என்று ஒற்றைக்காலில் நின்றான்.

"கப்பலுக்குள்ள பூருவியாமே. அங்க உனக்குக் கயிறு யாரு புடிப்பாங்க?"

"கயிறெல்லாம் இல்லண்ணா. கூட ஒருத்தர் இறங்குவாங்க, அவங்கதான்..."

"கயிறே இல்லியா! கேட்டியா மச்சான், கயிறே இல்லியாம்!"

மச்சான் என்றது மாதையனை, சின்னராசு பெண்டாட்டியின் தம்பி. தேனெடுக்க இறங்குகிறவனுக்கு மேலே கயிறு பிடிப்பவன் அவன் பெண்டாட்டியின் உடன்பிறந்தவனாகத்தான் இருக்கவேண்டும் என்பது அவர்கள் வழக்கம். கயிறு நழுவினால் தாலியறுப்பது தன் அக்காள் என்று தெரிந்தவன் அசந்து நிற்பானா? அவன் கயிற்றை மரத்தில் சுற்றிப் பிடித்து, "புடிச்சிட்டேன், இறங்கு" என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். அந்தச் சொல் காதில் விழாமல் எந்த ஆம்பளையும் விளிம்பைத் தாண்டிக் கால் வைத்ததில்லை.

பேசிப் பிரயோஜனமில்லை என்று பூங்கோதை புதுச்சேரிக்குப் போய், பழக்கமான முக்குளிப்புக் கடையில் சாமான்களை இரவல் வாங்கி ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். சிலிண்டரைப் பார்த்த ஊர், இந்தப் பொண்ணு கேஸ் ஏஜென்சி எடுத்துவிட்டது என்று முடிவே கட்டிவிட்டது.

"அந்தமான் கப்பலை இங்க கொண்டாற முடியாதுண்ணா. ஆதிநாராயணன் கப்பலைக் காட்றேன் வா" என்றாள்.

அது கப்பல் இல்லை, ஜீப். ஹேண்ட் பிரேக் போடாமல் டீ குடிக்கப் போன டிரைவர் ஆதிநாராயணனை ஏமாற்றிவிட்டு, மலையடியில் கைவிடப்பட்ட கல்குவாரிக் குட்டைக்குள் தானாகவே இறங்கிப்போன ஜீப். நல்லவேளை, உள்ளே ஒருத்தரும் இல்லை. இந்த வருஷ மழையில் குட்டை நிரம்பித் ததும்பிக்கொண்டிருந்தது.

சின்னராசு ஒரே ஒரு நிபந்தனை போட்டான். தேன் கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் இறங்கவேண்டும், கயிறு பிடிப்பது அவன்தான். பூங்கோதை தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு, காலில் கத்தி இருக்கிறது, சிக்கினால் அறுத்துக்கொள்ளலாம் என்று ஒப்புக்கொண்டாள். பாறை விளிம்பில் காலை ஊன்றிக்கொண்டு அவன் சொன்னான்:

"புடிச்சிட்டேன், இறங்கு."

தொப்பென்று குதித்தவள் மறைந்தே போனாள். கயிறு அவன் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே ஓடியது. மாதையன் அந்தப் பக்கம் போவதும் இந்தப் பக்கம் வருவதுமாக, "முட்டை வர்து மாமா, பாரு முட்டை முட்டையா வர்து" என்று குமிழியைப் பார்த்துக் குதூகலித்தான். சின்னராசுவுக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. உயிர் பூராவும் கையில் இருந்தது.

திடீரென்று கயிறு தளர்ந்தது.

இழுத்துப் பார்த்தான். வந்தது. இன்னொரு முழம் இழுத்தான். அதுவும் கனமே இல்லாமல், வெறுங்கயிறாக வந்தது. பாறையில் கனமில்லாத கயிற்றுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான். அவனுடைய அப்பன் தேனெடுக்கப் போன கடைசி நாளில் மாமன் கையில் இப்படித்தான் கயிறு வந்தது. சின்னராசு அதைப் பக்கத்தில் நின்று பார்த்தவன்.

"ஐயோ, பூவு!"

குதித்தே விட்டான், பாவி! நீச்சல் தெரியாது என்பதே தண்ணீருக்குள் போன பிறகுதான் ஞாபகம் வந்தது. வாயிலும் மூக்கிலும் தண்ணீர் ஏற, கல்லுக் குண்டாட்டம் இறங்கிக்கொண்டே போனான். கால் தகரத்தில் இடித்தது. சரி, முடிந்தது கதை என்று நினைத்த நொடியில் ஒரு கை அவன் பிடரியைப் பற்றியது. இன்னொரு கை எதையோ அவன் வாய்க்குள் திணித்தது. அதற்குள்ளிருந்து காற்று பீறிட்டு வாயிலிருந்த தண்ணீரையெல்லாம் வெளியே தள்ளியது. இரண்டு விரல் அவன் மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டன.

மூச்சு வந்தது. தண்ணீருக்கடியில் மூச்சு வந்தது!

கண்ணைத் திறந்தான். எல்லாம் பச்சையாகக் கலங்கித் தெரிந்தது. அவன் நின்றுகொண்டிருந்தது ஆதிநாராயணனின் ஜீப் பானெட்மேல். கண்ணாடியில்லாத முன்பக்கத்திலிருந்து ஒரு மீன் கூட்டம் புறப்பட்டு அவன் முழங்காலை உரசிக்கொண்டு போனது. சின்னராசு சிரித்தான். சிரித்ததில் புரையேறிற்று.

பூங்கோதை மேலே தள்ளிக்கொண்டு வர, மாதையன் அவன் தலைமுடியைப் பிடித்துக் கரையேற்றியபோது இருமலோடு இருமலாக அவன் கேட்டது, "நீ எங்கடீ போன? கயிறு வெறுமனே வந்துச்சே!"

"மேல வந்துக்கினு இருந்தேண்ணா. தண்ணிக்குள்ள ஆளுக்குக் கனம் ஏது?" ஜீப்பின் பக்கக் கண்ணாடியைக் கையில் தூக்கிக் காட்டினாள். "உன்கிட்ட காட்ட இத கழட்டினு வந்தா, நீ எதிர்ல வந்து நிக்கற!"

சின்னராசு அவள் தோளில் தொங்கிய குழாய்களைப் பார்த்தான். ஒன்று கறுப்பு, அவன் வாய்க்குள் வந்த இன்னொன்று மஞ்சள்.

"நீ ஒருத்தி. உனக்கு இன்னாத்துக்கு ரெண்டு வாய்?"

"மஞ்சள் எனக்கில்ல. கூட இறங்கறவங்களுக்கு. அவங்ககிட்டயும் ஒண்ணு எனக்குன்னு இருக்கும். அதத்தான் அன்னிக்கு சொல்ல வந்தேன், நீ எங்க காது குடுத்த?"

"இன்னிக்குத் தனியாத்தானே இறங்குன?"

"நீ புடிச்சிருந்தியேண்ணா."

சின்னராசு முகத்தை ஈரத் துண்டால் துடைத்தான், துடைத்துக்கொண்டே இருந்தான்.

"அங்க உன்கூட கப்பலுக்குள்ள வர்றது யாரு?"

"ரேணுகாதேவின்னு ஒரு பொண்ணு. குடியாத்தத்துக்காரி."

"போனைப் போடு."

டவர் கிடைக்கப் பாறைமேல் ஏறவேண்டியிருந்தது. ஸ்பீக்கரில் அந்தப் பெண்ணின் குரல் வந்ததும், சொட்டச் சொட்ட நின்றபடி சின்னராசு வழக்கத்தை முழுசாகச் சொன்னான். கயிறு, மச்சான், அப்பன் விழுந்தது, எல்லாவற்றையும்.

"புரிஞ்சுதுண்ணா" என்றாள் அவள்.

"புரிஞ்சா போதாதும்மா. வாய்விட்டுச் சொல்லு."

"புடிச்சிட்டேண்ணா. இறங்கச் சொல்லுங்க."

சின்னராசு தங்கையின் இடுப்பிலிருந்த தேன் கயிற்றைத் தன் கையாலேயே அவிழ்த்தான்.

"போய்ட்டு வா" என்றான். பிறகு குட்டையைத் திரும்பிப் பார்த்து, "அதுக்கு முன்னாடி இன்னொரு தபா என்னைக் கூட்டினு போ. இந்த முறை மூக்கை நானே புடிச்சிக்கிறேன்" என்றான்.