வீண் அழைப்பு

கர்ப்பத்தின் ஏழாம் மாதத்தில் மருத்துவர், அவள் படுக்கையை விட்டு எழுந்திருக்கக் கூடாது என்று சொன்னபோது, கணவனுக்கு வருத்தத்தோடு ஒரு சின்ன நிம்மதியும் இருந்தது. அவன் வேலை பார்த்த நிறுவனம் இப்படிப்பட்டவர்களுக்காகத்தான் ஒரு கைப்பட்டை செய்துகொண்டிருந்தது. மணிக்கட்டில் கட்டிக்கொண்டு, ஆபத்தென்றால் நடுவில் உள்ள பொத்தானை அழுத்த வேண்டும். வீட்டுக்காரர் எங்கிருந்தாலும் அவர் போன் அலறும். பட்டைக்குள் ஓடும் நிரலை எழுதியவன் அவன்தான். பட்டை விற்பனைக்கு வரும் லாஞ்சுக்கு ஆறு வாரம் இருந்தது. சோதனைக்கு நாற்பது வீடுகளுக்குக் கொடுத்த பட்டைகளில் ஒன்றைத் தன் மனைவியின் கையில் கட்டினான்.

"இனிமே நான் பக்கத்துலயே இருக்கிற மாதிரிதான்."

"அப்படியா? இதுக்குக் கால் பிடிச்சுவிடத் தெரியுமா?" என்றாள் அவள்.

முதல் வாரம் அவள் நிறைய அழுத்தினாள். தலையணை கீழே விழுந்துவிட்டது. சுவரில் பல்லி. ஒரு நாள் போனை எடுத்து, "என்னாச்சு?" என்று அவன் பதறியபோது, "ஒண்ணுமில்லங்க, சும்மா. வேலை செய்யுதான்னு பார்த்தேன்" என்றாள்.

"நானே எழுதினது. எனக்குத் தெரியாதா வேலை செய்யுதான்னு?" என்று எரிந்து விழுந்தான்.

ஒவ்வொரு அழைப்பும் முடிந்ததும் போனில் இரண்டு கட்டங்கள் வரும்: உண்மை, வீண். அவன் ஒவ்வொரு முறையும் 'வீண்' என்பதைத் தொட்டான். நாள் முழுக்க நாலு சுவரைப் பார்த்துக் கிடப்பவள் ஒரு குரலைக் கேட்க ஆசைப்பட்டால் அது எந்தக் கட்டத்தில் சேரும்? அதற்கு அவன் கட்டம் வரைந்திருக்கவில்லை.

பட்டையை வாங்குவதாகச் சொன்ன மருத்துவமனைகள் ஒரு நிபந்தனை போட்டிருந்தன. நூறு அழைப்பில் மூன்றுக்கு மேல் வீணாக இருக்கக் கூடாது. திங்கட்கிழமைக் கூட்டத்தில் நாற்பது வீடுகளின் கணக்கும் பெரிய திரையில் ஓடும். முப்பத்தொன்பது வீடுகள் வாயில்லாப் பூச்சிகள். பதினேழாம் எண் மட்டும் சிவப்பாகத் தெரிந்தது.

"யாருப்பா இந்தப் பதினேழாம் வீட்டு மகராசி? கொட்டாவி வந்தாலும் அழுத்துவாங்க போல" என்றார் திட்டத் தலைவர்.

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அது தன் வீடு என்று சொல்லவில்லை.

லாஞ்சுக்கு ஒரு வாரம் இருக்கும்போது அவன் ஒரு விதியை எழுதிச் சேர்த்தான். ஒரு பட்டையிலிருந்து தொடர்ந்து பத்து அழைப்பு வீணாகிவிட்டால், அதன் பிறகு அந்தப் பட்டையின் அழைப்பு உடனே போகாது. பத்து நிமிடம் காத்திருந்துவிட்டுப் போகும். அதற்குள் 'வேண்டாம்' என்று நீள அழுத்தினால் போகவே போகாது.

சோதனைப் பிரிவில் ஒரு பெண் இருந்தாள். எதிலும் குறை கண்டுபிடித்துக் குத்திக்கொண்டே இருப்பதால் அவளுக்குக் குத்தூசி என்று பெயர். அவள் நேராக அவன் மேசைக்கு வந்தாள்.

"அண்ணா, உண்மையாவே புலி வந்தா? பத்து நிமிஷம் உக்காரு, டீ குடின்னு சொல்லணுமா?"

"லாஞ்ச் முடிஞ்சதும் எடுத்துடலாம்மா."

"சரி, அந்தப் பச்சை விளக்கு? அது நேரா பொத்தானோட சேர்ந்தது. அழுத்தினா எரியும். அழைப்பு போகலன்னாலும் எரியும். எரிஞ்சா போயிடுச்சுன்னுதானே நம்புவாங்க?"

"இருபதாயிரம் பட்டை செஞ்சு பெட்டியில போட்டாச்சு. இப்ப விளக்கைப் பிடுங்கச் சொல்றியா?"

அவள் தன் சந்தேகத்தைக் குறைப் பட்டியலில் எழுதிவைத்தாள். அவன் அதன் பக்கத்தில் 'லாஞ்சுக்குப் பிறகு' என்று எழுதி மூடினான்.

அந்த வாரம் அவன் போன் அமைதியாக இருந்தது. பதினேழாம் எண் பச்சைக்கு வந்துவிட்டது. வேலை மும்முரத்தில், அதற்குக் காரணம் தன் விதிதான் என்பதையே அவன் மறந்துவிட்டான். மனைவிக்குப் பக்குவம் வந்துவிட்டது என்று நினைத்தான். நினைத்ததோடு விட்டிருக்கலாம், சாப்பிடும்போது சொல்லவும் செய்தான்.

"இப்பல்லாம் நீ வீணா கூப்பிடறதே இல்ல. நல்ல பொண்ணு."

நாலு நாளாக அவள் அழுத்திவிட்டு ஒரு நிமிடம் பார்ப்பாள், அவனிடமிருந்து போன் வராது, வேலையாக இருக்கிறார் போலிருக்கிறது என்று தானே 'வேண்டாம்' என்று நிறுத்திவிடுவாள். இப்போது அவன் குத்திக்காட்டுகிறான் என்று நினைத்தாள்.

"சரிங்க" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

லாஞ்ச் அன்று காலை பதினொரு மணிக்கு மண்டபம் நிரம்பியிருந்தது. தலைவர் மேடையில் பட்டையைத் தூக்கிக் காட்டினார். "இதைக் கட்டினவங்க ஒருநாளும் தனியா இல்லை" என்றார். கைதட்டல் அடங்க நேரமானது. அவன் கடைசி வரிசையில், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருந்தான். போன் பக்கத்திலேயே இருந்தது. அது ஒலிக்காதது அவனுக்குத் திருப்தியாக இருந்தது.

பதினொன்றரைக்குத் தெரியாத எண் ஒன்று வந்தது. துண்டித்தான். மறுபடி வந்தது. மறுபடியும் துண்டித்தான். மூன்றாம் முறை எடுத்தான்.

"தம்பி, நான் கீழ்வீட்டுத் தையல்கார அக்கா. ஆஸ்பத்திரிக்கு வண்டி வரச் சொல்லிட்டேன். படுக்கையெல்லாம் ரத்தம். சீக்கிரம் வாங்க."

அவன் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது மனைவி பிழைத்திருந்தாள். குழந்தை பிழைக்கவில்லை. பெண் குழந்தை. "ஒரு அரை மணி முன்னாடி வந்திருந்தா..." என்று மருத்துவர் தொடங்கினார். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அத்தோடு நிறுத்திக்கொண்டார்.

வராந்தாவில் தையல்கார அக்கா உட்கார்ந்திருந்தாள். சேலையில் ரத்தக் கறை காய்ந்திருந்தது. அவனைப் பார்த்ததும் தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினாள்.

"அக்கா, உங்களை யாரு கூப்பிட்டா?"

"யாரும் கூப்பிடல தம்பி. தினமும் அந்த நேரத்துக்கு மெஷினை நிறுத்திட்டு ஒரு தடவை மேல ஏறிப் பார்ப்பேன். இன்னைக்கு ஒரு ஜாக்கெட் அவசரம்னு கொஞ்சம் லேட்டாயிடுச்சு. அது என் தப்புதான்." சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

அவன் பாட்டிலை வாங்கிக்கொண்டான். இவ்வளவு நாளாக ஒருத்தி தன் வீட்டுப் படியேறி வந்துபோனது அவனுக்குத் தெரியாது. கடவுள் மனிதர்களுக்குத் துணையாக அனுப்புவது பெரும்பாலும் இப்படிப் படியேறி வரும் கால்களைத்தான். நாம் அவற்றின் ஓசையைக் கவனிப்பதில்லை.

மறுநாள் தலைவர் பழக்கூடையோடு வந்தார். அவன் தோளில் கை வைத்து, தாழ்ந்த குரலில் பேசினார்.

"நெட்வொர்க் கோளாறுன்னு அவங்ககிட்ட சொல்லிடுப்பா. அவங்களுக்கும் ஆறுதலா இருக்கும். பதினேழாம் வீடு உன்னோடதுன்னு நேத்துதான் தெரிஞ்சுது, அந்தப் பதிவை அழிக்கச் சொல்லிட்டேன். அந்த விதியை ரெண்டு வாரம் கழிச்சு சத்தமில்லாம மாத்திக்கலாம். இப்பத்தான் கடைகளுக்கே போயிருக்கு."

அவர் கெட்டவர் இல்லை. பழங்களைப் பார்த்துப் பார்த்துத்தான் வாங்கியிருந்தார். அவர் சொன்னதை நம்பிவிட வேண்டும் என்று அவனுக்கும் ஆசையாக இருந்தது.

அவர் போன பிறகு குத்தூசி வந்தாள். கையில் கணினியும் மடித்த காகிதம் ஒன்றும் இருந்தன.

"அழிக்கறதுக்கு முன்னாடி எடுத்துட்டேன்ணா. இது உங்ககிட்டதான் இருக்கணும்."

காகிதத்தில் பதினொரு நேரங்கள் இருந்தன. முதல் அழுத்தம் பத்து ஐம்பத்திரண்டுக்கு. பிறகு இரண்டு, மூன்று, ஐந்து நிமிட இடைவெளிகளில் மற்றவை. கடைசி அழுத்தம் பதினொன்று இருபத்தாறுக்கு.

"பத்து நிமிஷத்துலயாவது போயிருக்கணுமே" என்றான் அவன்.

"புதுசா ஒரு தடவை அழுத்தினா உங்க பத்து நிமிஷம் முதல்லேருந்து ஆரம்பிக்குது. அவங்க விடாம அழுத்தியிருக்காங்க. அதனாலதான் போகவே இல்ல. கடைசி அழுத்தத்துக்குப் பத்து நிமிஷம் ஆகுறதுக்குள்ள பட்டையைக் கழட்டிட்டாங்க." அவள் குரல் உடைந்தது. "நானும் அதைச் சோதிச்சுப் பார்க்கலண்ணா. விளக்கைப் பத்தி மட்டுமே சண்டை போட்டுட்டிருந்தேன்."

அவன் காகிதத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

மனைவி விழித்திருந்தாள். மணிக்கட்டில் பட்டை இருந்த இடம் வெளுத்திருந்தது.

"பச்சை விளக்கு எரிஞ்சுதுங்க. ஒவ்வொரு தடவையும் எரிஞ்சுது. என் போன் மேசையில கிடந்துது, எட்டல. நீங்க மேடைக்குப் பக்கத்துல இருந்திருப்பீங்க. எழுந்து வர முடியாதுன்னு தெரியும்" என்றாள்.

அவள் அவனை மன்னிக்கப் பார்த்தாள், அவன் செய்யாத ஒரு தப்புக்காக. அதை வாங்கிக்கொண்டு சும்மா இருந்துவிடலாம். நெட்வொர்க் என்று சொன்னால் அந்தத் தப்பும்கூட இல்லாமல் போகும்.

அவன் படுக்கையருகே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். பதினேழாம் வீடு, கூட்டத்தில் சிரித்த சிரிப்பு, விதி, பத்து நிமிடம். காகிதத்தை அவள் கையில் கொடுத்தான். அவள் ஒவ்வொரு நேரத்தையும் விரலால் தொட்டுப் படித்தாள்.

"பதினொண்ணா? ஆறோ ஏழோன்னு நினைச்சேன்."

காகிதத்தை மடித்துத் தலையணைக்கடியில் வைத்தாள். பிறகு கேட்டாள். "கடைக்குப் போனதுலயும் இது இருக்கா?"

"இருக்கு."

"போய் எடுங்க."

வராந்தா பெஞ்சில் குத்தூசியின் கணினியை மடியில் வைத்து விதியை நீக்கினான். எந்த மாற்றத்தையும் இணையம் வழியே பட்டைகளுக்கு அனுப்ப இரண்டு பேர் ஒப்புதல் வேண்டும் என்பது அவர்கள் வேலை முறை. அவன் தன் ஒப்புதலைக் கொடுத்தான்.

"உன் வேலை போயிடும்மா" என்றான்.

"தெரியும்ணா." குத்தூசி தன் ஒப்புதலையும் கொடுத்தாள். காரணம் எழுதும் இடத்தில் நடந்ததை நடந்தபடி எழுதினாள்.

திரும்பி உள்ளே போனான்.

"எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு."

"சரி." அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவன் கையைத் தொடப் போனான். அவள் தன் கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"நீங்க வீட்டுக்குப் போங்க. அந்த அக்காவை வரச் சொல்லுங்க."

அவன் வெளியே வந்து போனைப் பார்த்தான். தையல்கார அக்காவின் எண் இன்னும் பெயரில்லாமல் கிடந்தது. அதன் கீழே, இரண்டு முறை துண்டித்ததற்கான அடையாளம். அந்த எண்ணை அழைத்தான்.

அவள் முதல் மணியிலேயே எடுத்தாள்.