துரைசாமியின் பித்தளைக் குமிழ்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மேசை இழுப்பறையில் கிடக்கும் ஒரு பித்தளைக் குமிழிலிருந்து பிறந்தது. நெல்லிக்காய் அளவுதான் இருக்கும். பழைய மண்ணெண்ணெய் ஹீட்டரில் திரியை ஏற்றி இறக்க அதைத்தான் திருகவேண்டும். அது என்னுடையது அல்ல. என்னிடம் எப்படி வந்தது என்பதை மூன்றாம் பகுதியில் சொல்கிறேன். (அதற்குள் உங்களுக்கு என்னைப் பிடித்துப்போக வேண்டும் என்பது திட்டம்.)

2

தொடக்கம், முதல் முயற்சி: "தஞ்சோங் பகார் துறைமுகத்தில் முப்பது வருடம் கிரேன் ஓட்டிய துரைசாமி, அந்திச் சூரியன் கடலில் இறங்குவதை—"

வேண்டாம். துரைசாமி சூரியனைப் பார்க்கிற ஆள் இல்லை. இரும்பைப் பார்க்கிற ஆள்.

இரண்டாம் முயற்சி: துரைசாமிக்கு அறுபத்தெட்டு வயது. புக்கிட் மேராவில், பன்னிரண்டாம் மாடியில் வீடு. வீட்டுக்குள் வார்ப்பிரும்பு ஹீட்டர்களும் அடுப்புகளுமாகப் பத்தொன்பது, மனைவி லீலா ஒன்று.* வருடம் முழுக்க வியர்த்துக் கொட்டுகிற ஊரில் ஹீட்டர் எதற்கு என்று யாராவது கேட்டால், "ஸ்டாம்ப் சேக்குறவன் எல்லாம் லெட்டரா போடுறான்?" என்பார்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு ஜலாலுதீன் வருவார். சிராங்கூன் ரோட்டில் பயணப்பெட்டிக் கடை வைத்திருப்பவர். அவருக்கும் இதே பைத்தியம், அவரிடம் பதினான்கு. ஏர்கானைப் பதினாறு டிகிரியில் வைத்து, புகை போக ஜன்னலையும் திறந்துவிட்டு, ஏதாவது ஒரு ஹீட்டரைப் பற்றவைப்பார்கள். குளிரும் இருக்காது, கதகதப்பும் இருக்காது, வியர்வைதான் இருக்கும். நெற்றியைத் துடைத்துக்கொண்டே தீயைப் பார்த்துக் கோப்பி குடிப்பார்கள். முப்பத்தொரு வருடமாக இப்படி.

(* ஸ்டோர் ரூம் ஹீட்டர்களுக்கு. அரிசி மூட்டை படுக்கையறையில், லீலாவின் பக்கம்.)

3

சரி, வந்துவிட்டது.

அப்படியொரு ஞாயிற்றுக்கிழமை ஒரு சிற்றிதழுக்காக நான் பேட்டி எடுக்கப் போனேன். துடைப்பதற்காக ஒரு ஹீட்டரை அக்குவேறு ஆணிவேறாகக் கழற்றிச் செய்தித்தாள்மேல் பரப்பியிருந்தார்கள். அதை எந்த நாட்டில் வார்த்தார்கள் என்று ஒரு மணிநேரம் பேசினார்கள். எனக்குக் கொட்டாவி வந்தது. இரண்டு நல்ல மனிதர்கள், பேச்சுக்குக்கூடச் சண்டை இல்லை. இதை வைத்துக்கொண்டு என்ன எழுதுவது? குமிழ் கைக்கு அடக்கமாக இருந்தது. பைக்குள் போட்டுக்கொண்டேன்.

கதைக்கு ஒரு சிக்கல் தேவைப்பட்டது, அதனால் எடுத்தேன் என்று சொன்னால் கெட்டிக்காரத்தனமாக இருக்கும். ஆசையாக இருந்தது, எடுத்தேன். அவ்வளவுதான்.

அப்போது எனக்குத் தெரியாத விஷயம் ஒன்று: ஜலாலுதீனிடம் அதே மாதிரி ஹீட்டர் இருக்கிறது, அதற்குக் குமிழ் கிடையாது. பதினோரு வருடமாகக் குறடால்தான் திரியை ஏற்றுகிறார்.

4

துரைசாமி மூன்று நாள் வீட்டைப் புரட்டிப் போட்டார். ஃபிரிட்ஜுக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். ஜலாலுதீனின் குறடு ஞாபகம் வந்தது. வரக்கூடாது என்று நினைத்தார். நினைக்க நினைக்க அதுவே முன்னால் வந்து நின்றது. புதன்கிழமை போன் செய்தார்.

"பாய், தப்பா நினைக்காதீங்க. உங்க பையில தவறி விழுந்திருக்கான்னு ஒரு தடவ பாருங்களேன்."



"என் பையிலயா, அண்ணே?"

"சும்மா பாருங்க லா."

"பாக்க வேணாம். இல்லன்னு எனக்குத் தெரியும்."

போனை வைத்ததுமே, கேட்டிருக்கக் கூடாது என்று துரைசாமிக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும், ஏன் பார்க்க மாட்டேன் என்கிறார் என்ற கேள்வி அவரை விடவில்லை. அந்த ஞாயிறு ஜலாலுதீன் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை.

லீலா என்னைக் கூப்பிட்டார். "வைஷாலி, நீதானே பக்கத்துல உக்காந்திருந்த. யாராச்சும் எடுத்ததப் பாத்தியா மா?"

"கவனிக்கலயே ஆன்ட்டி."

(இந்த வரியை நான்கு பிரதிகளில் அடித்துவிட்டேன். ஆனால் சொன்னது சொன்னதுதான்.)

5

முடிவு அ: குமிழ் சோபா இடுக்கில் கிடைக்கிறது. எல்லாரும் சிரிக்கிறார்கள்.

நான் போய் இடுக்கில் செருகிவிட்டு வரலாம் என்றுதான் இருந்தேன். ஜலாலுதீன் முந்திக்கொண்டார். தன் ஹீட்டரில் அளவெடுத்து, ஜூரோங்கில் ஒரு கடைசல் பட்டறையில் புதிதாக ஒரு பித்தளைக் குமிழ் செய்து அனுப்பினார். (பெட்டி வாங்குகிறவள் மாதிரி கடைக்குப் போனபோது அவரே சொன்னார்.) கூடவே ஒரு சீட்டு: "அண்ணே, இது சரியா சேரும். ஞாயித்துக்கிழமை வரட்டுமா?"

துரைசாமி மாட்டிப் பார்த்தார். கச்சிதமாகச் சேர்ந்தது. அதுதான் வினை.

"பாத்தியா லீலா? எடுத்தவரு பாலிஷ் போட்டுத் திருப்பி அனுப்பியிருக்காரு."

"புதுசு மாதிரி இருக்குதுங்க."

"நூறு வருஷத்துச் சாமானுக்குப் புதுசு எங்கேருந்து வரும்?"

சொல்லிவிட்டு அழுதார். ஹீட்டரைப் பழைய போர்வையில் சுற்றி ஸ்டோர் ரூமின் கடைசியில் வைத்தார். அன்றைக்கு ஏர்கானையும் போடவில்லை.

முடிவு ஆ: நான் அசல் குமிழைப் பெயர் போடாமல் அவருடைய தபால்பெட்டியில் போடுகிறேன். நடக்காது. "முதல்ல டூப்ளிகேட்ட அனுப்பினாரு, மனசு உறுத்தியிருக்கு, இப்ப ஒரிஜினல அனுப்புறாரு" என்று சொல்கிற ஆள் அவர்.

முடிவு இ: பன்னிரண்டாம் மாடியில் திடீரென்று தீ, ஜலாலுதீன் ஓடிவந்து நண்பரைத் தூக்கிக்கொண்டு படி—

சீ.

6

முடிவு என்னிடம் இல்லை. பெயர்களை மாற்றியிருக்கிறேன், ஹீட்டரை மாற்றவில்லை. கதையில் லீலா என்று வருகிறவர் இந்த இதழை அச்சகத்தின் முகவரி உட்பட ஒரு வரி விடாமல் படிப்பவர். ஆகவே மற்ற வாசகர்கள் இத்துடன் கிளம்பலாம். இனி எங்கள் இருவருக்குள் விஷயம். (நின்று ஒட்டுக்கேட்கிறவர்களை நான் என்ன செய்ய முடியும்?)

ஆன்ட்டி, எடுத்தது நான்தான். பாய் இல்லை. அவர் அனுப்பியது அவரே செய்யச் சொன்னது. எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதைக்கூட உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியமில்லாமல் கதையாக எழுதியிருக்கிறேன். இதை அங்கிளிடம் வாசித்துக் காட்டுங்கள். இதழ் வந்த முதல் ஞாயிறு, பத்து மணிக்கு, குமிழோடு உங்கள் வாசலுக்கு வருகிறேன். பாயிடம் நேற்றே எல்லாவற்றையும் சொல்லி, அவரையும் கூப்பிட்டிருக்கிறேன். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை.

என்னை உள்ளே விடவேண்டாம், ஆன்ட்டி. பாய் வந்தால் அங்கிளையே கதவைத் திறக்கச் சொல்லுங்கள்.