சாமிக்கு நேர்ந்த முடி

மூன்று காலாகப் பிரித்துப் பின்னிக்கொண்டிருக்கிறேன், எனக்கு முதுகு காட்டிக் குந்தியிருக்கிறான் என் மகன் வைரமணி, ஆறு முடிந்து ஏழு நடக்கிறது, இடுப்பைத் தொடுகிறது முடி, வாசலில் சீருடைப் பிள்ளைகள் போகிறார்கள், அவன் திரும்பிவிடாமலிருக்கப் பின்னலை இழுத்துப் பிடிக்கிறேன், இல்லை, இது போன வருஷம், அதற்கு முந்தின வருஷமும் இதேதான், எல்லா ஜூன் மாதமும் எனக்கு ஒன்றாகிவிட்டது, பிறந்த முடியைக் குலசாமிக்கு இறக்கிக் காது குத்தின பிறகுதான் பள்ளிக்கூடம், இவர்கள் வீட்டு வழக்கம் அது, தெரிந்துதான் கழுத்தை நீட்டினேன், ஆனால் சாமியையே பூட்டிவைப்பார்கள் என்று யார் கண்டது, முதல் மரியாதை யாருக்கு என்று பங்காளிகள் அடித்துக்கொண்டு, கேஸ் போட்டு, அய்யனார் கோயில் கதவில் அரக்கு சீல், திறக்கட்டும் என்றார் மாமனார், திறந்துவிடும் என்றார் என் வீட்டுக்காரர், வாய்தா மேல் வாய்தா, முடிதான் வளர்ந்தது. வேறு கோயிலில் இறக்கலாமே என்று ஒரு தடவை கேட்டுவிட்டேன், அதோடு மாமனார் என் கையால் சோறு வாங்குவதை நிறுத்தினார். எஸ்தர் டீச்சர் வீட்டுக்கே வந்தார், சடை போட்டே அனுப்புங்கம்மா, நான் பாத்துக்கிறேன் என்றார், மோர் கொடுத்து அனுப்பிவைத்தார்கள், மோர் மட்டும்.

அப்புறம் அந்தக் காலை, கனவோ என்று இப்போதும் சந்தேகம், அடுப்படி முழுக்க முடி, கருகருவென்று, நடுவில் கத்தரிக்கோலோடு இவன், அம்மா, முடி போச்சு, இப்பப் பள்ளிக்கொடம் போலாம்ல என்கிறான், எனக்குச் சிரிப்பு வந்தது, சத்தியமாகச் சிரித்தேன், வாரி அணைத்து முத்தம் கொடுத்தேன், என்ன ஒரு சந்தோஷம் எனக்கு, நிமிர்ந்தால் மாமனார் நிற்கிறார். அடிக்கவில்லை, திட்டவில்லை, சாமி சொத்துல கை வச்சுட்டான், திரும்ப வளத்து அய்யனார் வாசல்லயே எறக்கணும், அதுவரைக்கும் படி தாண்டப்படாது என்றார், ஆமாம்ப்பா என்றார் இவனைப் பெற்றவர், அவ்வளவுதான், என் பிள்ளையின் படிப்பு அந்த இரண்டு பேர் வாய்ச்சொல்லில் முடிந்துபோனது.

இன்றைக்கும் முதுகு காட்டிக் குந்தியிருக்கிறான், பின்னுவதற்கு ஒன்றுமில்லை, மேடும் பள்ளமுமாகக் குச்சி குச்சியாய்த் தலை, விளக்கெண்ணெய் தொட்டுத் தேய்க்கிறேன், நெறையத் தேய்மா, சீக்கிரம் வளரட்டும் என்கிறான்.