நஸ்ரியின் ஈரலுக்குப் போன தோணிகள்

மூதூர் இறங்குதுறையில் கட்டிக் கிடந்த தோணிகள் தாமாகவே அவிழ்ந்து கொட்டியாரக் குடாவுக்குள் போய், நஸ்ரியின் புற்றுநோய் எதிலிருந்து எது பிறந்து வளர்ந்தது என்பதை வரிசைகட்டிக் காட்டியது 2023ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில். அன்று காற்றுக் குறைவு, சூரை மீன் நல்ல விலை போனது. கரையோரம் ஒரு தோணி தனியாக நின்றது. அதற்கு அப்பால் இன்னொன்று. அங்கிருந்து வரிசை இரண்டாகப் பிரிந்து, அவையும் மறுபடி பிரிந்து, ஆளும் இல்லாமல் நங்கூரமும் இல்லாமல் குடா நடுவில் போய் முடிந்தது. மீனவர்கள் முதலில் கள்ளன் என்றார்கள், பிறகு ஜின் என்றார்கள், வெயில் ஏறியதும் நீந்திப் போய் அவரவர் தோணியில் ஏறி இயந்திரத்தை முடுக்கினார்கள். இயந்திரம் நன்றாகத்தான் ஓடியது, தோணிதான் நகரவில்லை. ரோந்துப் படகு ஒன்று வந்து சுற்றிப் பார்த்து, போக்குவரத்துக்கு இடைஞ்சல் இல்லை என்று திரும்பிப் போனது. பின்னேரம் அசர் தொழுகைக்கு முன் தோணிகள் வந்த வழியே திரும்பித் துறையில் ஒதுங்கின.

காரணம் தெரிந்த ஒரே ஆள் ஸல்ஹா. மொட்டைமாடியில் உடுப்புக் காயப்போட ஏறியவள் கடலைப் பார்த்தாள், இறங்கி வந்து குசினி மேசையில் திறந்திருந்த மடிக்கணினியைப் பார்த்தாள், மறுபடி ஏறிப்போய்க் கடலைப் பார்த்தாள். திரையில் இருந்த கிளைகள்தான் குடாவிலும் இருந்தன. புள்ளிவிபரவியல் படித்த ஸல்ஹா, வெளிநாட்டு ஆராய்ச்சிக் குழு ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்தாள். புற்றுநோய்க் கலம் ஒவ்வொன்றும் பெருகும்போது தாய்க்கலத்தின் மரபணுத் தழும்புகளை அப்படியே எடுத்துக்கொண்டு, தன் பங்குக்குப் புதிதாக ஒன்றிரண்டைச் சேர்த்துக்கொள்ளும். அந்தத் தழும்புகளை வைத்து, இன்றைக்கு இருக்கும் கலங்களுக்குள் யார் யாருக்குத் தாய், யார் யாருக்குச் சகோதரம் என்று கணினி இலட்சக்கணக்கான வம்சங்களை வரைந்து வரைந்து அழித்து, கடைசியில் பொருத்தமான ஒன்றைத் தரும். பேர் தெரியாத எத்தனையோ நோயாளிகளுக்கு அவள் இதைச் செய்திருக்கிறாள், அப்போதெல்லாம் துறையில் ஒரு தோணியும் அசைந்ததில்லை. இந்த முறை நோயாளி அவள் புருஷன்.

நஸ்ரி கிண்ணியாக்காரன். ஊர் வழக்கப்படி கல்யாணத்தோடு பெண் வீட்டுக்கு வந்து சேர்ந்தவன், மீன் ஏற்றும் ஐஸ் லொறி ஓட்டுபவன், சிரித்தால் பக்கத்து வீட்டுக் கோழி எழும்பி ஓடும். அவனுடைய பெருங்குடலில் இருந்த கட்டியை வெட்டி எடுத்து ஒரு வருடம் ஆவதற்குள் ஈரலில் மூன்று இடத்தில் தலைகாட்டியிருந்தது. இரண்டு மருந்துகள் கொஞ்ச நாள் கேட்டுவிட்டுக் கைவிட்டன. மூன்றாவதாக எதைக் கொடுப்பது என்பதைக் கணக்கைப் பார்த்துச் சொல்லலாம் என்று திருகோணமலையில் அவனைப் பார்த்துவந்த வைத்தியர் சுலோஜனா காத்திருந்தார். அதையும் நோன்புப் பெருநாளைத் தாண்டித் தள்ளிப்போட ஏலாது என்றும் சொல்லியிருந்தார். மருந்தைப் பிழையாகத் தேர்ந்தால் நான்காவது ஒன்றைத் தாங்குகிற உடம்பு நஸ்ரிக்கு இல்லை. ஸல்ஹாவுக்கு இது தெரியும். தெரிந்துகொண்டுதான் தினமும் அவனோடு சண்டை பிடித்துச் சோறு தின்னவைத்தாள்.

நஸ்ரி வாயால் விஷயம் ஊருக்குத் தெரிந்த அடுத்த நாளே துறைக்காரர்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். அவர்களுக்குத் தலைவர் ஆதம்பாவா கதிரை நுனியில் இருந்துகொண்டு தொண்டையைச் செருமினார்.

"மகள், கணக்குப் பாக்க வேணாமெண்டு நாங்க சொல்லல்ல. வெள்ளிக்கிழமையில பாருங்களன். அண்டைக்கு எப்படியும் தோணி சும்மாதானே கெடக்கும்."

"ஓம் மாமா, அப்படியே செய்றன்," என்றாள் ஸல்ஹா.

ஜும்ஆ நாளில் மூதூர்த் தோணிகள் கடலுக்குப் போவதில்லை, ஆகவே ஒருவருக்கும் நட்டமில்லாமல் காரியம் முடிந்தது. அதன் பிறகு வெள்ளிதோறும் காலையில் ஸல்ஹா கணக்கை ஓடவிடுவாள், தோணிகள் கிளம்பும். சம்பூரில் இருந்தும் ஆட்கள் மோட்டார் சைக்கிளில் வந்து பார்த்தார்கள். கச்சான் கடலை வறுத்து விற்பவர் ஒருவர் தவறாமல் வந்தார். எந்தத் தோணி எந்த உறுப்புக்கு என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்திருந்தது. கரையோரத் தோணி நஸ்ரியின் நல்ல இரத்தம், அடுத்தது நோயின் முதல் கலம், குடாவின் தென்பக்கம் குடல், வடக்கே ஈரல்.

ஒரே ஒரு தோணி மட்டும் சொல்வழி கேட்கவில்லை. ஈரலின் மூன்றாவது இடத்துக்கென்று போன ஆதம்பாவாவின் நீலத் தோணி, மற்ற இரண்டு ஈரல் தோணிகளுக்குப் பக்கத்தில் போய் நிற்கும், பிறகு வட்டமடிக்கும், தெற்கே ஓடும், திரும்பி வரும். வெள்ளிக்கு வெள்ளி இதே ஆட்டம். ஆதம்பாவாவுக்கு மானம் போனது. தன் தோணியில் பழுது ஒன்றுமில்லை என்று சந்தையில் நின்று விளக்கம் சொல்லும் நிலைமைக்கு வந்துவிட்டார். ஸல்ஹாவுக்கும் இது விளங்கவில்லை. திரையில் வந்த விடை நேராகத்தான் இருந்தது, எத்தனை தரம் ஓடவிட்டாலும் அதே விடை. அதை நம்பித்தான் வைத்தியர் சுலோஜனா ஈரல் கட்டிகளுக்கென்று ஒரு மருந்தை ஏறக்குறைய முடிவு செய்திருந்தார்.

நோன்பு வருவதற்கு முந்திய வெள்ளியில் ஆதம்பாவா இரண்டு அலுவலாக வந்தார். ஒன்று தோணி. மற்றது, நஸ்ரியின் தம்பியைத் தன் மகளுக்குக் கேட்கலாமா என்று. ஆதம்பாவாவின் ஆட்கள் மட்டக்களப்புப் பக்கத்திலிருந்து வந்தவர்கள், நஸ்ரியின் உம்மாவும் அந்தப் பக்கம்தான். அங்கே பிள்ளைக்குத் தாயின் குடிதான் வம்சம், ஒரே குடிக்குள் சம்பந்தம் இல்லை. அதனால் தேத்தண்ணி ஆறுவதற்குள் அந்தக் கேள்வி வந்துவிட்டது.

"தம்பி இப்ப தோப்பூர்ல தங்கச்சி வீட்டோடதானே இருக்கார்? என்ன குடியில சேர்க்கிற அவர?"

நஸ்ரி சிரித்தான். மெலிந்துபோன பிறகும் அந்தச் சிரிப்பு மெலியவில்லை.

"எங்க இருந்தா என்ன மாமா, உம்மாட குடிதான். நான் இந்த வீட்டுல பத்து வருஷமா சோறு திங்கிறன். அதுக்காக இவட குடியாகிப் போவனா?"

குசினியில் இருந்த ஸல்ஹா எழும்பி நின்றுவிட்டாள். கணக்குச் சுருக்கமாக முடியட்டும் என்று, ஈரலில் எடுத்த மூன்று துண்டும் ஒரே குடும்பம் என அவளே தொடக்கத்தில் ஒரு வரி எழுதியிருந்தாள். மூன்றும் ஒரு வீட்டில் இருந்ததால் ஒரு தாய்க்குப் பிறந்தவை என்று எடுத்துக்கொண்டாள். பெண் வீட்டுக்கு ஆம்பிளைகள் வந்து குடியிருக்கிற ஊரில் பிறந்து, அப்படி வந்த ஒருவனுக்கே வாழ்க்கைப்பட்டு, இருக்கிற வீட்டை வைத்து வம்சம் எண்ணியிருக்கிறாள். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைத் தள்ளிக்கொண்டு ஒரு சந்தோசம் வந்தது. உட்காரக்கூட இல்லாமல் நின்றபடியே அந்த வரியை அழித்து, கணக்கை மறுபடி ஓடவிட்டு, முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு கடற்கரைக்கு ஓடினாள். நஸ்ரியும் ஆதம்பாவாவும் ஒன்றும் விளங்காமல் பின்னால் போனார்கள்.

ஜும்ஆவுக்குச் சனம் புறப்பட்டு வந்துகொண்டிருந்தது. எல்லோரும் பார்க்க, நீலத் தோணி வட்டமடிப்பதை நிறுத்தியது. ஒரு கணம் யோசிப்பது போல நின்று, பிறகு நேரே தெற்கே போய், குடல் வரிசையின் பழைய கிளை ஒன்றின் பின்னால் ஒட்டிக்கொண்டு அசையாமல் நின்றது. அது நின்றதும் மற்றத் தோணிகளும் ஒன்றன்பின் ஒன்றாக இடம் மாறின. ஆதம்பாவா கையை உயர்த்தி அல்ஹம்துலில்லாஹ் என்றார். ஸல்ஹா ஊர் பார்க்க நஸ்ரியின் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள்.

மூன்றாவது கட்டி வேறொரு தாயிடமிருந்து தனியாக ஈரலுக்கு வந்தது. கொடுக்க இருந்த மருந்து முதல் இரண்டையும் கொன்றிருக்கும், மூன்றாவதற்கு வீட்டைக் காலியாக்கிக் கொடுத்திருக்கும். அதைவிடப் பெரிய செய்தி அடியில் இருந்தது. இதுவரை அங்கொன்று இங்கொன்றாகத் தனித்தனியே தோன்றியது போலக் கிடந்த ஒரு தழும்பு, இப்போது கரையிலிருந்து இரண்டாவது தோணியில், எல்லாவற்றுக்கும் தாயான முதல் கலத்தில் போய் உட்கார்ந்திருந்தது. அதைக் குறிவைக்கிற மருந்து ஒன்று உண்டு. வைத்தியர் சுலோஜனா தோணிகளைப் பார்த்து மருந்து எழுதுகிறவர் இல்லை. முதலில் வெட்டியெடுத்த கட்டியில் மிச்சம் வைத்திருந்த துண்டைத் திரும்பச் சோதிக்க அனுப்பினார். அந்தத் தழும்பு அதிலும் இருந்தது. பெருநாள் கழிந்த திங்கட்கிழமை மருந்து தொடங்கியது.

அந்த வருடம் சோளகக் காற்று முந்தி வந்தது, கிண்ணியாவில் நெல் நன்றாக விளைந்தது, ஆதம்பாவாவின் மகள் கல்யாணம் முடிந்து நஸ்ரியின் தம்பி அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். வெள்ளிதோறும் வரிசை குட்டையாகிக்கொண்டே வந்தது. முதலில் வடக்குக் கிளையின் நுனித் தோணிகள் போகாமல் விட்டன, பிறகு தெற்கு. நவம்பரில் நஸ்ரியின் இரத்தத்தை எடுத்துக் கணக்குப் போட்ட ஒரு வெள்ளியில், கரையோரத் தோணி மட்டும் வழக்கமான இடத்துக்குப் போய்த் தன்னந்தனியாக நின்றது. மற்றவை துறையிலேயே கிடந்தன. பார்க்க வந்தவர்களுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். கச்சான்காரர் வெளிப்படையாகவே சலித்துக்கொண்டார். ஸல்ஹா மொட்டைமாடியில் உட்கார்ந்து, காய்ந்த உடுப்புகளை மடியில் வைத்துக்கொண்டு, அந்த ஒற்றைத் தோணியை மாலைவரை பார்த்தாள்.

அதன் பிறகு தோணிகள் மற்ற நோயாளிகளுக்காகவும் போகத் தொடங்கின. மூதூர் அதற்குப் பழகிவிட்டது. நஸ்ரி மறுபடி லொறி ஓட்டுகிறான், வெள்ளியில் மட்டும் ஓட்டுவதில்லை. கணக்கு ஓடத் தொடங்கியதும் துறைக்குப் போய், இன்றைக்கு யாருக்கு என்று சொல்வது அவன் வேலை. பேர் அவனுக்கும் தெரியாது. போன வெள்ளி, எங்கேயோ ஒரு பொம்பிளை, மார்பில் தொடங்கி ஈரல்வரை போயிருக்கிறதாம் என்றான்.

"அப்ப என்ட தோணியும் போகவேண்டி வரும்," என்றார் ஆதம்பாவா. பள்ளிக்குப் போக உடுத்திருந்த வெள்ளைச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, அது பாரமில்லாமல் போகட்டும் என்று, உள்ளே கிடந்த வலைகளை ஒவ்வொன்றாகக் கரையில் இறக்கி வைத்தார்.