மருந்தடிக்கும் மத்தியானம்

அத்தாவின் சட்டையை மெஹ்னாஸ் மடித்துக்கொண்டிருந்தபோது அதன் பையில் போன் அதிர்ந்தது.

செய்தி நீலகிரி கேத்தியிலிருந்து. ஆள் யாரும் அனுப்பவில்லை. அவளே செய்து, அத்தாவின் உருளைக்கிழங்கு வயலில் நட்டுவைத்த கருவி அனுப்பியது. காற்றில் ஈரம் தொண்ணூற்றிரண்டு, பத்து மணி நேரமாக இலை காயவில்லை, இன்றே மருந்தடிக்கவும். நாளைக்கு என்று தள்ளிப்போட்டால் கருகல் நோய் புகுந்துவிடும். அது புகுந்த வயலை அப்புறம் திரும்பிப் பார்க்க வேண்டியதே இல்லை.

சென்னையில், கோவிலம்பாக்கத்து வீட்டு வாசலில் செருப்புகள் சேர்ந்துகொண்டே இருந்தன. குரோம்பேட்டையில் கிழங்கு மண்டி வைத்திருந்த அத்தா அப்துல் ரசாக், காலை பத்து மணிக்கு டீ கேட்டுவிட்டு, அது வருவதற்குள் கண்ணை மூடிவிட்டார். மகன் அய்மான் துபாயிலிருந்து வரவேண்டும். அடக்கம் நாளை மதியம், லுஹர் தொழுகைக்குப் பிறகு.

பெண் செய்த டப்பாவை நம்பி விவசாயமா என்று, அவள் அதை நட்ட 2007இல் கேத்தியே சிரித்தது. ஊரெல்லாம் வாரம் தவறாமல் மருந்தைக் கொட்ட, டப்பா சொன்னால்தான் அடிப்பேன் என்று அத்தா ஒற்றைக்காலில் நின்றார். செய்தி தன் போனுக்கு மட்டும்தான் வரவேண்டும் என்றும் அடம்பிடித்தார். பெருமையில் அவளும் தலையாட்டித் தொலைத்தாள்.

வயலைப் பதினைந்து வருஷமாகப் பார்ப்பவர் ஏசுதாசன். சாவைச் சொன்னால் அந்த நிமிஷமே வேலை நிற்கும். முதலாளி செத்த அன்று அவர் வயலில் யாரும் கைவைக்க மாட்டார்கள். சொல்லாவிட்டால், முகம் பார்க்க வரவேண்டிய மனுஷனிடம் பொய்.

ஹாலுக்கும் சமையலறைக்கும் நாலு தடவை நடந்தாள்.

"இன்னாடி, குட்டி போட்ட பூனை மாதிரி சுத்திகினு கீற?" என்றாள் அத்தாவின் தங்கை குல்ஷன். "ஒரு எடமா குந்து. யாசீன் ஓதணும்."

"இதோ வந்துட்டேன் மாமி."

மொட்டை மாடிக்கு ஏறி, அத்தாவின் போனிலிருந்தே நம்பரை அழுத்தினாள்.

"சொல்லுங்க பாய்," என்றார் ஏசுதாசன்.

"நான் மெஹ்னாஸ்ண்ணே. இன்னைக்கே மருந்தடிக்கணுமாம். அத்தா சொல்லச் சொன்னாங்க."



"சரிம்மா."

கீழே வந்து ஓத உட்கார்ந்தாள், எழுந்தாள், வந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள். தன்மேலேயே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. அங்கே மழை வந்துவிடக் கூடாதே என்றும் மனசு அடித்துக்கொண்டது.

ஐந்தரைக்கு அவரே கூப்பிட்டார். போனோடு மாடிக்கு ஏறினாள்.

"ரெண்டு ஏக்கரும் முடிஞ்சுதும்மா. ஆறரை பஸ்ஸுக்குக் கிளம்பிட்டேன்."

"பஸ்ஸா?"

"பாய் எப்பம்மா போனாரு?"

"காலைல... உங்களுக்கு எப்டிண்ணே..."

"மருந்துன்னா என்னைய நாலு திட்டு திட்டிட்டுத்தான் பாய் பேச்ச ஆரம்பிப்பாரு. இன்னொருத்தர விட்டுச் சொன்னதே இல்ல." மூச்சு வாங்கினார். "ஆளுங்ககிட்ட நான் வாயே தொறக்கல. தெரிஞ்சிருந்தா பம்பைக் கீழ வச்சிருப்பாங்க. காலைல வந்துடுவேம்மா. அதுவரைக்கும் முகத்த மூடிடாதீங்க."

மெஹ்னாஸ் கீழே இறங்கினாள். ஐஸ் பெட்டியின் கண்ணாடி, முகத்துக்கு நேரே பனித்து மங்கியிருந்தது. துப்பட்டா முனையால் துடைத்தாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி பனித்தது. ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்து, திரும்பவும் துடைத்தாள்.