துவாய்க்குள் கைபோட்டு வாங்கிய மூன்று சில்லு

திருகோணமலைத் துறைமுகத்தில் ஆயுள்காலம் முழுவதும் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன் நான். கோதுமை மூடை, சீமெந்து, தண்டவாளம் என்று நான் தூக்கி இறக்கியவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால், பக்கத்தில் நிற்கிற கோணேசர் மலை வெட்கப்பட்டுக் கடலுக்குள் இறங்கிவிடும். ஒருமுறை கப்பலையே தவறுதலாகக் கொக்கியில் மாட்டி ஒரு சாண் உயர்த்தியிருக்கிறேன். கப்டன் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. அப்படிப்பட்ட எனக்கு, என் மனைவி சீதேவியை வீட்டு வாசலிலிருந்து தெருவுக்குக் கொண்டுபோகத்தான் வழி தெரியவில்லை.

தொண்ணூறாம் ஆண்டு ஹெலிகொப்டர்ச் சத்தம் கேட்டுப் பங்கர்க் குழிக்குள் பாய்ந்தபோது அவளுடைய முழங்கால் சிரட்டை நொறுங்கிப் போனது. டொக்டர்மார் கம்பி வைத்துக் காலைக் காப்பாற்றித் தந்தார்கள். ஆனால் அது பிறகு மடங்கவில்லை. நீட்டினது நீட்டினதுதான். பஸ் சீற்றுக்கு நடுவே அந்தக் கால் கொள்ளாது. ஓட்டோவில் ஏற்றினால் கால் வெளியே வேலிக்கம்பு மாதிரி நிற்கும். சைக்கிள் கரியரில் இருத்தினால் ரோட்டுக்குக் குறுக்கே நீண்டு, ஏற்கெனவே இருக்கிற தடைகளோடு இன்னொரு தடையாகிவிடும்.

வருடக் கணக்காக அவள் படலைக்கு வெளியே போகவில்லை. வாய் மட்டும் தினமும் ஊர் சுற்றி வந்தது.

தொண்ணூற்றேழில், நிலாவெளியில் இருக்கும் அவளுடைய தங்கை குணேஸ்வரியின் மகளுக்குக் கலியாணம் சரிவந்தது. அந்தப் பிள்ளை பிறந்தபோது முதலில் கையில் வாங்கியவள் சீதேவி.

"நான் போகோணும்" என்றாள். "எப்பிடியெண்டு நீங்கதான் பார்க்கோணும். இத்தனை கப்பலைத் தூக்கினனீங்கள், என்னைத் தூக்க ஏலாதோ?"

கப்பல் கதையை அவளிடம் சொல்லியிருக்கக் கூடாது.

அந்த வாரமே கோணாமலை ஒரு செய்தியோடு வந்தான். என்னோடு துறைமுகத்தில் வேலை செய்தவன். கப்பல் வடம் இழுபட்டபோது வலது கையின் சின்ன விரலையும் மோதிர விரலையும் துறைமுகத்துக்கே தானம் செய்தவன். மிச்சம் மூன்று விரலால் தேத்தண்ணீர்க் கிளாசைப் பிடித்தபடி சொன்னான்:

"குறிஞ்சாக்கேணியில ஒரு மோட்டார் சைக்கிள் நிக்குது மச்சான். மூண்டு சில்லு. வெள்ளைக்காரன் விட்டிட்டுப் போனது. பக்கத்தில பெட்டி ஒண்டு சேர்த்துப் பூட்டிக் கிடக்கு. ஒரு ஆள் காலை நீட்டிக்கொண்டு இருக்கலாம்."

கீரை ஆய்ந்துகொண்டிருந்த சீதேவியின் கை நின்றது. "காலை நீட்டியோ?"

"கட்டில்ல சாய்ஞ்ச மாதிரித் தங்கச்சி."

"விக்கிறது ஆர்?"

"ஜமால்தீன் நானா. மாட்டுத் தரகர்."

சீதேவி அவனையும், அவன் பிடித்திருந்த கிளாசையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கட்டளைகள் பிறந்தன. தன்னுடைய சீட்டுக்காசு, என் பென்சன் மிச்சம் எல்லாம் சேர்த்து முப்பத்தைந்தாயிரம். அதற்கு மேல் ஒரு சதமும் இல்லை. விலையைக் கோணாமலை அண்ணைதான் கதைக்க வேண்டும்.

"ஏன், எனக்கு வாய் இல்லையோ?"

"வாய்தான் கூடிப்போச்சு. ஒரு சாமான் பிடிச்சிட்டுதெண்டா உங்கட முகம் கோயில் மேளம் மாதிரி, நாலு தெருவுக்குக் கேட்கும். நீங்க பேசாமல் நில்லுங்கோ."

அதன்பிறகு கோணாமலையைக் குசினிக்குள் கூப்பிட்டு ஏதோ குசுகுசுத்தாள். வழியில் தின்ன வடை கட்டிக் கொடுக்கிறாளாக்கும் என்று நினைத்தேன்.

அடுத்த நாள் கிண்ணியாத் துறைக்குப் போய், சனமும் சைக்கிளும் ஆடும் ஏறிய 'பாதை' என்கிற இரும்பு மிதவையில் கடல் கடந்தோம். இந்தக் கரையில் ஒரு சோதனை, அந்தக் கரையில் ஒரு சோதனை. என்னைத் தடவிப் பார்த்த சிப்பாய்க்கு என் விலாவெலும்பு எத்தனை என்று எனக்கு முன்னமே தெரிந்துவிட்டது. சோதனைக்குக் கையைத் தூக்கிய நேரம் தவிர, கோணாமலை தன் வலது கையைச் சாரத்து மடிப்புக்குள் செருகியே வைத்திருந்தான்.

"என்னடா, கையில காயமோ?"

"குளிர்" என்றான். வெயிலில் பாதையின் இரும்புத் தட்டில் அப்பம் சுடலாம் போலிருந்தது.

ஜமால்தீன் வீட்டு மாமரத்தின் கீழ் அது நின்றது.

நான் ராணுவக் கப்பல், ராஜாக் கப்பல் எல்லாம் பார்த்தவன். இப்படி ஒரு கம்பீரத்தைப் பார்த்ததில்லை. முன் விளக்கு, கோயில் அண்டா அளவு. அதன் எண்ணெய்த் தாங்கிக்குள் ஒரு குடும்பம் குடியிருக்கலாம். பக்கத்துப் பெட்டியோ, முன்பக்கம் கூர்ந்து, வள்ளம் ஒன்று கரையேறி மோட்டார் சைக்கிளைக் கலியாணம் முடித்த மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றது. துருக்கறள் இருந்ததுதான். ஆனால் அது பிரபுக்களுக்கு வரும் நரை மாதிரியான கறள். பெட்டிக்குள் ஒரு பலகை போட்டு, அதன்மேல் வைக்கோலில் ஒரு கோழி அடைகிடந்தது.

"வாங்க, இரிங்க" என்றார் ஜமால்தீன். பருத்த உடம்பு, தோளில் பச்சைத் துவாய். "ஜெஸீமா, தேத்தண்ணி கொண்டு வா!"

அவருடைய மனைவி ஜெஸீமா உள்ளேயிருந்தே சத்தம் வைத்தாள். "கோழி குஞ்சு பொரிக்க இன்னும் நாள் கிடக்கு. முட்டையோட விக்கிறதெண்டா வேற விலை, சொல்லிப்போட்டன்!"

ஜமால்தீன் ஒரு உதை உதைத்தார். இயந்திரம் இருமியது, ஏப்பம் விட்டது, பிறகு முழங்கத் தொடங்கியது. மாங்காய்கள் உதிர்ந்தன. கோழி மட்டும் அசையவில்லை, அதற்குப் பழகிப்போயிருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"விலை என்ன நானா?" என்று அண்ணன் முறை சொல்லிக் கேட்டே விட்டேன். கோணாமலை என் காலை மிதித்தான்.

ஜமால்தீனின் முகம் சுருங்கியது. "வாயால விலை சொல்றதா? என்ட வாப்பா காலத்தில இருந்து எங்களுக்கு அந்தப் பழக்கமில்ல. நாலு பேர் முன்னால விலையச் சொன்னா மாட்டுக்கு வெக்கம்."

"இது மோட்டார் சைக்கிளெல்லோ நானா?"

"இதுக்கு ரோசம் இன்னும் கூட."

தோளில் கிடந்த துவாயை எடுத்து உதறினார். மாட்டு வியாபாரத்தில் இதுதான் முறை. வாங்குகிறவர் கையும் விற்கிறவர் கையும் துவாய்க்குள் போகும். பேச்சு இல்லை. விற்கிறவர் மற்றவருடைய எத்தனை விரலைப் பிடிக்கிறாரோ அத்தனை. முதற்பிடி பத்தாயிரக் கணக்கு, இரண்டாம் பிடி ஆயிரக் கணக்கு. சம்மதமென்றால் முழுக் கையையும் இறுக்கித் துவாயை எடுக்க வேண்டும். எடுத்தபின் பேச்சு மாறக் கூடாது.

கோணாமலை சாரத்து மடிப்பிலிருந்து உருவிய கையை, வெளிச்சம் படுவதற்குள் துவாய்க்குள் விட்டான்.

துவாய் அசைந்தது. ஜமால்தீனின் முகத்தில் முதலில் ராச களை இருந்தது. பிறகு, சட்டைப் பைக்குள் வைத்த திறப்புக் கொத்தைத் தேடுகிறவரின் முகம் வந்தது. புருவம் ஏறியது. துவாய்க்குள் கை அங்கேயும் இங்கேயும் ஓடியது. ஒரு முடிவுக்கு வந்தவராக மீண்டும் அழுத்திப் பிடித்தார்.

சட்டென்று கோணாமலை அவர் கையை இறுக்கித் துவாயை உருவினான்.

"முப்பத்திரெண்டாயிரம். சந்தோசம் நானா!"

"எது முப்பத்திரெண்டு? நான் பிடிச்சது அம்பது!"

"எங்க பிடிச்சனீங்கள்? முதற்பிடி மூண்டு விரல். ரெண்டாம் பிடி ரெண்டு விரல்."

"மூண்டும் ரெண்டும் அஞ்சு! அஞ்சையும் ஒண்டாப் பிடிக்கப் போனா, அங்க மூண்டுதானே கிடக்கு! மிச்சத்தைப் பிறகு பிடிச்சன்..."

கோணாமலை கையை உயர்த்திக் காட்டினான். மூன்று விரல்களும் வெயிலில் சூலம் மாதிரி நின்றன. வேலியோரம் நின்ற மாட்டுக்காரர் இருவர் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

"முதற்பிடி மூண்டு, அடுத்த பிடி ரெண்டு. ஜமால்தீன் நானா, விலை விழுந்திட்டு!" என்றார் அவர்களில் ஒருவர்.

அவர் நினைத்திருந்தால் எங்களைத் துரத்தியிருக்கலாம். ஆளைப் பார்த்தால் எங்கள் இருவரையும் இரண்டு கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்த் துறையில் எறியக்கூடியவர். ஆனால் துவாயை மடித்துத் தோளில் போட்டார்.

"துவாய்க்குள்ள பிடிச்ச விலைய வெளிய வந்து மாத்தினா, நாளைக்கு என்ட கையை ஒருத்தனும் பிடிக்கமாட்டான். கொண்டு போங்க."

பிறகு சிரிப்பு வந்தது அவருக்கு. வயிற்றில் தொடங்கித் தாடி வரைக்கும் குலுங்கிய சிரிப்பு. அதில் மிச்ச மாங்காயும் விழுந்தது.

"இது உங்க ரெண்டு பேர்ட மூளையுமில்ல. ஆர் சொல்லித் தந்த?"

கோணாமலை என்னைக் காட்டினான். "இவன்ட மனுசி."

நான் வாயைப் பிளந்தேன். குசினிக்குள் கட்டிக் கொடுத்தது வடையில்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"எந்த ஊரு?"

"தம்பலகாமம். தகப்பன் மாடு வைச்சிருந்தவர்."

"அப்பிடிச் சொல்லுங்க! அந்த ஊரில கண்டுக்குட்டியே விலை கேட்கும்."

எதற்காக வாங்குகிறோம் என்று நான் சொன்னேன். மடங்காத கால், நிலாவெளிக் கலியாணம், எல்லாம். ஜமால்தீன் எழும்பிப் போனார். ஒரு கையில் கோழியை, மறு கையில் முட்டைக் கூடையை ஜெஸீமாவிடம் கொடுத்தார். நட்டுக் கழற்றும் சாவி எடுத்து, பெட்டிக்குள் பூட்டியிருந்த பலகையைக் கழற்றி எறிந்தார். கூர்ந்த மூக்கு வரைக்கும் இடம் திறந்துகொண்டது.

"இப்ப நீட்டிப் பார்க்கச் சொல்லுங்க" என்றார். கூடவே வைக்கோல் திணித்த ஒரு மெத்தையும் தந்தார். அதற்கு விலை கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் கோணாமலையின் கை தயாராகத்தான் இருந்தது.

இனி ஓட்டம். இரண்டு சில்லில் நான் பழக்கமானவன்; வளைவு வந்தால் உடம்பைச் சரிப்பேன், வண்டி திரும்பும். குறிஞ்சாக்கேணி வளைவில் அழகாகச் சரிந்தேன். நான் சரிந்தேனே தவிர வண்டி சரியவில்லை. அது நேரே போய் எருமைகள் படுத்திருந்த சேற்றுக்குட்டைக்குள் இறங்கியது. பெட்டிக்குள் இருந்த கோணாமலைக்கும் ஒரு எருமைக்கும் மூக்கோடு மூக்கு அறிமுகம் நடந்தது.

"சரியாதையடா, கைபிடியைத் திருப்படா!" என்று கத்தினான். "இதென்ன, டான்ஸ் ஆடுறியோ?"

வேகம் கூட்டினால் இடப்பக்கம் இழுக்கும். பிறேக் பிடித்தால் வலப்பக்கம் பாயும். அதற்கென்று ஒரு சொந்தப் புத்தி இருந்தது, என் வீட்டில் இருப்பவளைப் போலவே. அதனால்தானோ என்னவோ, வீடு வருவதற்குள் எனக்கு அதன்மேல் காதல் வந்துவிட்டது.

படலையில் சீதேவி கோலை ஊன்றி நின்றாள். எங்கள் முழக்கம் கிண்ணியாவில் தொடங்கியபோதே அவளுக்குக் கேட்டிருக்கும்.

"எவ்வளவுக்கு?"

"முப்பத்திரெண்டு!" என்றோம் இருவரும், பரிசு வாங்க வந்த பிள்ளைகள் மாதிரி.

"முப்பதுக்கு வந்திருக்கும்" என்றாள். "முதற்பிடியோட துவாயை எடுத்திருக்கோணும், கோணாமலை அண்ணை."

அதற்குப் பிறகுதான் வண்டியைப் பார்த்தாள். வாசல் படியோடு ஒட்டி நிறுத்தினேன். விளிம்பில் இருந்து, கையை ஊன்றி, மெல்ல உள்ளே இறங்கினாள். மடங்காத கால் மூக்குப் பக்கம் போனது. போய்க்கொண்டேயிருந்தது. நாங்கள் மூச்சு விடவில்லை. பெருவிரல் முன் தகட்டைத் தொடாமல், நாலு விரல் இடைவெளியில் நின்றது. அவள் அந்த இடைவெளியைப் பார்த்தபடியே இருந்தாள். பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்து, "வைக்கோல் குத்துது" என்றாள்.

கலியாணத்தன்று காலை, கூறைச் சேலை மாதிரி ஒன்று உடுத்து, தலை நிறையப் பூவோடு பெட்டிக்குள் ஏறினாள். உப்புவெளி தாண்டியதும் பெரிய சோதனைச் சாவடி. இயந்திரத்தை நிறுத்தி, எல்லோரும் இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். முன்னால் நின்ற பஸ்ஸிலிருந்து இறங்கிய சனம் வரிசையில் நடந்துகொண்டிருந்தது.

"பஹின்ன" என்றான் சிப்பாய். இறங்கச் சொல்கிறான்.

சீதேவி சேலைக் கரையைக் கணுக்கால் வரை உயர்த்தினாள். காலைக் காட்டினாள், பிறகு வானத்தைக் காட்டினாள், பிறகு குழிக்குள் பாய்வது போல் கையால் காட்டினாள். பாஷை தேவைப்படவில்லை. சிப்பாய் பெட்டிக்குள் குனிந்து பார்த்தான். மெத்தையைத் தட்டிப் பார்த்தான். கையை அசைத்தான். அவள் இருக்கலாம். ஆனால் வண்டி தள்ளித்தான் போக வேண்டும்.

நான் தள்ளினேன். அது அசையவில்லை. கிரேன் ஓட்டியவனுக்கு விசையை இழுக்கத்தான் தெரியும். மணலில் என் செருப்பு மட்டும் பின்னால் போய்க்கொண்டிருந்தது.

"என்ன ஐயா, தேர் இறுகிப்போச்சோ?" என்று கேட்டபடி பஸ் வரிசையிலிருந்து ஒருவர் வந்து கை வைத்தார். பிறகு இன்னொருவர். மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு ஒரு பெண். பிறகு வரிசையே குலைந்தது. யாரோ "அரோகரா!" என்று தொடங்க, முழுச் சனமும் எடுத்தது. மூன்று சில்லும் உருண்டன. சீதேவி நேரே பார்த்தபடி, பூவைச் சரிசெய்தபடி, கோயில் வீதி சுற்றும் அம்மன் மாதிரி வந்தாள். சாவடித் தடியை எப்போதும் பாதிதான் உயர்த்துவார்கள். அந்தச் சிப்பாய் அதை வானம் வரைக்கும் உயர்த்தினான். மேகத்தில் முட்டிய சத்தம் என் காதில் விழுந்தது.

நிலாவெளிச் சந்தியில் முழங்கிக்கொண்டு திரும்பியபோது, பந்தலில் நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். குணேஸ்வரி "அக்கா!" என்று வாசலுக்கு ஓடி வந்தாள். பின்னால் அரைகுறை அலங்காரத்தோடு மணப்பெண்ணும் ஓடி வந்தாள். இறக்குவதற்குப் பத்துக் கைகள் நீண்டன.

சீதேவி ஒரு கையையும் பிடிக்கவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"இஞ்சாருங்கோ, அந்தச் சந்தியால ஒருக்காத் திருப்பிக்கொண்டு வாங்கோ."

"ஏன்? வந்து சேர்ந்திட்டமெல்லோ?"

"நீங்க வந்த வேகத்தில சனம் என்னை வடிவாப் பார்க்கேல்லை."

திருப்பினேன். இந்த முறை நான் சரியவில்லை.