எலுமிச்சங்காய் வாங்கி வரும் நேரம்

ஆயுத பூஜையன்று காலை, கிணற்று மோட்டாருக்கும் மருந்தடிக்கிற பம்புக்கும் மொபெட்டுக்கும் பொட்டு வைத்து முடித்துவிட்டு, சந்தனக் கிண்ணத்தோடு வீட்டுக்குள் வந்தார் கோவர்த்தனன். மேசைமேல் லேப்டாப் திறந்திருந்தது. வாங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"இதுக்கு நெத்தி எங்கமே கீது?" என்றார்.

சுந்தரி வடைக்கு அரைத்துக்கொண்டிருந்தாள். மாவுக் கையோடு வந்து எட்டிப் பார்த்தாள். "மேல, நட்ட நடுவுல, பொட்டு வெக்கறதுக்குன்னே புள்ளி மாதிரி ஒண்ணு கீது பாருங்க."

"அட, ஆமா. கம்பெனிக்காரனும் நம்மாளுதான் போல."

மோதிர விரலால் சந்தனத்தை அந்தப் புள்ளிமேல் ஒத்தி, நடுவில் குங்குமம் வைத்தார். தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டார். பிறகு பொத்தானை அமுக்கிவிட்டு, "நீ மெதுவா முழிச்சிக்கினு வாடா ராஜா. அதுக்குள்ள நான் போயி எலுமிச்சங்கா வாங்கிக்கினு வந்துடறேன்" என்று செருப்பைப் போட்டார். மொபெட் சக்கரத்துக்கு அடியில் வைத்து நசுக்க எலுமிச்சங்காய் வாங்க மறந்திருந்தார்.

தெருமுனையில் கங்கையா கடை. இரண்டு காயைப் பொறுக்கிக் கையில் வைத்துக்கொண்டு, மூட்டைமேல் சற்றே உட்கார்ந்தாராம். உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. ஆட்கள் ஓடி வந்து சொன்னபோது திரை எழுந்து, பச்சை வயல் படம் ஒன்றைக் காட்டிக்கொண்டிருந்தது.

அந்த லேப்டாப்பைத் திருப்பதியில் வாங்கினார்கள். புரட்டாசியில் மலை ஏறி மொட்டை போட்டு, தலையில் சந்தனத்தோடு இறங்கி வந்த கோவர்த்தனன், பஸ் ஸ்டாண்டுக்குப் போகாமல் ஒரு கடைக்குள் நுழைந்தார். சுந்தரி தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். காலையில் பேப்பர் பார்க்காவிட்டால் அவளுக்குப் பொழுது விடியாது. ஆந்திர எல்லையில் இருக்கிற அவர்கள் ஊரான குடிபாலாவுக்குத் தமிழ்ப் பேப்பர் வேலூர் பஸ்ஸில்தான் வர வேண்டும். பஸ் நின்றால் பேப்பரும் நிற்கும். மகன் யஸ்வந்தோ பெங்களூர் கம்பெனியில் சேர்ந்து, அங்கிருந்து டல்லாசுக்குப் போய் மூன்று வருஷம் ஆகியிருந்தது. பேப்பரையும் பிள்ளையையும் ஒரே பெட்டியில் வரவழைக்கலாம் என்று யாரோ சொன்னதை இவர் மனதில் போட்டு வைத்திருந்தார்.

கடைக்காரர் சிட்டிபாபு பாதி தெலுங்கும் பாதி தமிழுமாகப் பேசுகிறவர். "பெத்தாயனா, கேம்ஸ் ஆடுவீங்களா? வீடியோ வெட்டி ஒட்டுவீங்களா?"

"நான் மாமரத்துக்கு மருந்தடிக்கறவன்பா. வெட்டறதும் ஒட்டறதும் எல்லாம் மரத்துலதான்."

"அப்போ இருக்கறதுலயே சின்னது இதான். பேப்பர் படிக்க, பிள்ளையோட பேச, ரெண்டு பாட்டு கேக்க, இது சாலு. ஆனா ஒண்ணு, எழுந்துக்க நேரம் எடுத்துக்கும்."

"எங்க ஊட்ல மட்டும் யாரு சடார்னு எழுந்துக்கறாங்க?" என்று சுந்தரியைக் காட்டினார். அவள் முறைத்தாள். போதும் என்பதற்கு அந்த ஊர்ப்பக்கம் எல்லோரும் சொல்கிற சொல்தான் சாலு. வரும் வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தார். "சாலுமே. நமக்கு இது சாலு."

காரியத்துக்கு வந்த யஸ்வந்த் பதினாறாம் நாள் முடிந்து திரும்பிப் போகும்வரை லேப்டாப் பீரோவிலேயே இருந்தது, அவருடைய துண்டில் சுற்றியபடி. அவன் போய் வீடு அடங்கிய பிறகு ஒரு காலையில் சுந்தரி அதை வெளியே எடுத்தாள். நெட் குச்சியைச் செருகினாள். பேப்பர் வந்தது. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்தாள். கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

அன்றைக்கே மகனும் கூப்பிட்டான். அவன் முகம் தெரிந்தது. அவனுக்கு அம்மா தெரியவில்லை.

"இருட்டா கீதும்மா. லைட்ட போடு."

"பகல்ல எதுக்குடா லைட்டு?" என்றாள். ஆனாலும் போட்டாள்.

"இன்னும் இருட்டாவே கீது. கேமரா போயிருச்சி. நைனாகிட்ட அப்பவே சொன்னேன், மட்டமானத வாங்காத, உழைக்காதுன்னு."

அடுத்தடுத்த நாட்களிலும் அதே கதைதான். டிவிக்காரர்கள் போல அவனும் திரைக்குள்ளிருந்தே தன்னைப் பார்க்கிறான் என்றுதான் சுந்தரி நினைத்திருந்தாள். அதனால் திரையைத்தான் துடைத்துத் துடைத்துப் பார்த்தாள்.

கடைசியில் அவன் முடிவாகச் சொன்னான். "இங்கேந்து என் ஃப்ரெண்ட் ஒருத்தன் வரான். நல்லதா ஒண்ணு குடுத்து அனுப்பறேன். அத யாருக்காவது குடுத்துடு."

"எனக்கு இதுவே சாலு. பேப்பர் வருது, உன் மூஞ்சி தெரியுது."

"உன் மூஞ்சி எனக்குத் தெரிய வேணாமா? 'துன்னேன், துன்னேன்'னு வாயால சொல்ற. நீ துன்னியா இல்லையான்னு பாத்தாதான எனக்குத் தெரியும்?"

அவன் கேட்பதும் நியாயம்தான். ஆனால் அந்த மனுஷன் மொட்டைத் தலையோடு மடியில் வைத்துக்கொண்டு வந்ததை யாருக்கென்று கொடுப்பாள்?

பக்கத்து வீட்டுச் செங்கம்மா மட்டும் தயாராக இருந்தாள். "யக்கா, புதுசு வந்தா பழச எனக்குக் குடு. எம் பேத்தி பாட்டு பாப்பா."

"நான் இன்னும் சாவல, அதுக்குள்ள சொத்து பிரிக்கிறியா?"

செங்கம்மா பதறிப் போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சுந்தரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மறுநாள் காலை அதே துண்டில் லேப்டாப்பைச் சுற்றி எடுத்துக்கொண்டு, சித்தூரில் பஸ் மாறித் திருப்பதிக்குப் போனாள். சிட்டிபாபு பார்த்துச் சரியாகாது என்று சொன்னால் கொடுத்துவிடுவது என்று பஸ்ஸிலேயே மனதைத் தேற்றிக்கொண்டாள்.

சிட்டிபாபுவுக்கு அவளை ஞாபகம் இருந்தது. "பெத்தாயன ராலேதா?" என்று கேட்டார். பெரியவர் வரவில்லையா என்கிறார். சுந்தரி சொன்னாள். அவர் எழுந்து, துண்டுச் சுருளை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பிறகு துண்டைப் பிரித்து லேப்டாப்பைத் திறந்தார். திறந்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். அடக்க முடியவில்லை.

"தப்பா நினைக்காதம்மா. பிள்ளை பாக்கற கண்ணே இதுதான். கண்ணு மேல சந்தனம் அப்பினா அவனுக்கு எப்டி கனபடும், எப்டி தெரியும்?"

சுந்தரி குனிந்து பார்த்தாள். பொட்டு வைக்கவென்றே கம்பெனிக்காரன் விட்டு வைத்த புள்ளி! சொன்னது அவள், வைத்தது அவர். அவளும் சிரித்தாள். கடைக்கு வந்திருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

சிட்டிபாபு துணியை எடுத்துத் துடைக்கப் போனார்.

"இரு!"

அவள் கை பொட்டின் குறுக்கே போய்விட்டது. காய்ந்த சந்தனத்தில் அவருடைய விரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது. வீட்டில் எதிலும் அது இல்லை. மோட்டாருக்கும் பம்புக்கும் வைத்தவையெல்லாம் ஐப்பசி மழையில் போய்விட்டன.

சிட்டிபாபு துணியை மடித்து ஓரமாக வைத்தார். "புதுசு வருதுன்னா, இத அப்டியே எடுத்து வெச்சிக்கலாமே?"

அந்த யோசனை அவளுக்கும் வந்தது. பீரோவுக்குள் துண்டில் சுற்றியபடி பொட்டு பத்திரமாக இருக்கும். ஆனால் பெட்டி தூங்கும். பேப்பர் படிக்கவும் பிள்ளையோடு பேசவும் வாங்கியதைத் தூங்க வைத்தால் அவர் என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியும். டல்லாசில் ஒருவன் அம்மா சாப்பிட்டாளா என்று இருட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

"குச்சி ஏதாவது கீதா? சன்னமா?"

கீபோர்டு சுத்தம் செய்கிற பஞ்சுக் குச்சி ஒன்றைக் கொடுத்தார். சுந்தரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பஞ்சைத் தண்ணீரில் நனைத்து, பொட்டின் நடுவை மட்டும் ஒத்தி ஒத்தி எடுத்தாள். கடுகு அளவு ஒரு துளை. சுற்றிலும் குங்குமமும் சந்தனமும் வளையமாக நின்றன. விரல் ரேகையில் ஓரத்துக் கோடுகள் தங்கின. சிட்டிபாபு கேமராவைப் போட்டதும், திரையில் ஒரு கிழவி கண்ணாடியை மூக்கு நுனியில் மாட்டிக்கொண்டு அவளையே உற்றுப் பார்த்தாள்.

"கனபடுது! சாலாம்மா?" என்றார் சிட்டிபாபு.

"சாலு."

அன்று மாலை யஸ்வந்த் கூப்பிட்டான். திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டு வந்து பார்த்தான்.

"தெரியுதும்மா. ஓரமெல்லாம் செவப்பா கீது."

"அது உங்க நைனா வெச்ச பொட்டு. அதும் வழியாதான் பாக்கற."

கதையைச் சொன்னாள். அவன் சிரித்தான், மூக்கை உறிஞ்சினான், மறுபடியும் சிரித்தான். "எளைச்சிப் போயிட்ட. ராத்திரிக்கு இன்னா செஞ்ச?"

தட்டை எடுத்து வந்து அந்தப் புள்ளிக்கு நேராகக் காட்டினாள். களியும் கீரையும். புது லேப்டாப் பேச்சை அவனும் எடுக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. செங்கம்மா மட்டும் எப்போதாவது கேட்பாள்.

அடுத்த ஆயுத பூஜைக்குச் சுந்தரி மூடியின் முதுகில் பொட்டு வைத்தாள். பேப்பர் வருகிறது, பிள்ளை வருகிறான். காலையில் பொத்தானை அமுக்கிவிட்டு அவள் அடுப்பைப் பார்க்கப் போகிறாள். அது முழித்துக்கொண்டு வர இன்னமும், கங்கையா கடைக்குப் போய் எலுமிச்சங்காய் வாங்கிக்கொண்டு திரும்புகிற நேரம் ஆகிறது.